கால் படாத தண்ணீர்

இலையுதிர் காலம் அழகு என்று சொல்பவர்களின் வீட்டில் நீச்சல் குளம் இருக்காது. எங்கள் வீட்டில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு பெரிய ஓக் மரமும் இருக்கிறது. மரம் அவர்களுடையது, இலை முழுவதும் எங்களுடையது. செப்டெம்பர் கடைசியிலிருந்து தினமும் காலையில் தேநீர் போடுவதற்கு முன்பே வலையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்விடுவேன். நீண்ட தடியின் நுனியில் கட்டிய வலை அது. ஒரு பக்கம் அள்ளி முடித்துத் திரும்பினால் மறுபக்கத்தில் இன்னொரு கும்பல் மிதக்கும். நான் மரத்தைப் பார்த்துத் திட்டுவேன். பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தமிழில் சொல்லும் காலை வணக்கம் என்று நினைத்துக் கையைக் காட்டுவார்.

லண்டன் எட்மண்டனில் வீட்டு வளவுக்குள் நீச்சல் குளமா என்று கேட்காதவர்கள் இல்லை. எங்களுக்கு வீட்டை விற்றவர் சைப்பிரஸ்காரர். வெயில் நாட்டிலிருந்து வந்த ஏக்கத்தில் தன் கையாலேயே வெட்டிக் கட்டியதாம். கத்தரிக்காயை நீளப் பிளந்த வடிவம். நாங்கள் வீட்டை வாங்கியது நாலு அறைகளுக்காகவும் பஸ் தரிப்பிடம் கிட்ட இருந்ததற்காகவும். குளம் சும்மா கூட வந்தது. வீடு குடிபூரலுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “லண்டன் மழை காணாதெண்டே இதையும் வாங்கினனீங்கள்?” என்று கேட்டார். அன்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிள்ளைகள் சில கோடைகள் அதில் குதித்து விளையாடினார்கள். பிறகு வளர்ந்து, படித்து, அவரவர் வழியில் போய்விட்டார்கள். குளம் மூடிக் கிடந்தது. அதன்மேல் இலை விழுந்து, உக்கி, பாசி பிடித்து, ஒரு குட்டிச் சதுப்பு நிலமே உருவாகியது. நரி ஒன்று வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்.

எனக்கு மறுபடியும் குளத்தின் நினைவு வந்தது முழங்காலால்தான். பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் நின்றே உழைத்த முழங்கால். போன வருடம் அது தன் கணக்கை என்னிடம் தீர்க்கத் தொடங்கியது. மாடிப்படியில் சின்னப் பிள்ளை போல ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் வைத்து ஏறினேன். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் பெண், இடுப்பளவு தண்ணீருக்குள் தினமும் நடக்கச் சொன்னாள். பொது நீச்சல் குளத்துக்கு ஒருமுறை போனேன். உடுப்பு மாற்றும் இடத்தில் துவாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதிலேயே எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது. வீட்டில் இருக்கிற குளத்தை விட்டுவிட்டு இங்கே வந்து ஏன் மானம் போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வசந்தத்தில் மூடியைத் திறந்தபோது தண்ணீர் கீரைக்கறி போல இருந்தது. அதைத் தெளிய வைப்பதற்குள் ஜூலை பிறந்துவிட்டது. என் கணவர் ஒவ்வொரு நாளும் வந்து பார்த்துவிட்டு, “இதை மண் போட்டு நிரவி வெண்டியும் கத்தரியும் வைப்பம்” என்று சொல்லிவிட்டுப் போவார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவருடைய பழைய சேர்ட்டையும் கறுப்பு லெகிங்சையும் போட்டுக்கொண்டு இறங்கினேன். நடந்தேன். முதல் வாரம் குளிர் எலும்பைத் தொட்டது. பிறகு பழகியது. ஓகஸ்டில் மாடிப்படியில் காலை மாற்றி மாற்றி வைத்து ஏறினேன். ஏறி முடித்துவிட்டு, யாரும் இல்லாத மாடியில் நின்று எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

அந்த மாதம்தான் மிதந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. ஒருநாள் பின்னேரம் களைத்துப்போய் விளிம்பில் தலையைச் சாய்த்தபோது கால் தானாக மேலே வந்தது. கையை விட்டேன். தண்ணீர் என்னைத் தாங்கியது. ஐம்பது வயதுக்கு மேல் என்னுடைய பாரத்தை இன்னொன்று முழுவதுமாக வாங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அழுதேன். முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

யாருக்கும் என்றால் இவருக்கு. நான் இறங்கும் நேரமெல்லாம் இவர் குளக்கரையில் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பார். கையில் போன். ஆனால் ஒருநாளும் ஒரு விரலைக்கூடத் தண்ணீரில் நனைத்ததில்லை. எப்போது முடிப்பேன் என்று காவல் இருக்கிறார் என்றே நினைத்தேன். குளத்தை நிரவுகிற ஒருவரைக் கூட்டி வந்து அளக்கவும் வைத்தார். அந்த ஆள் இயந்திரத்தோடு வசந்தத்தில் வரலாம் என்றார். எங்களுக்குள் பெரிய சண்டை நடந்தது. கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது.

“மே மாதம் மூடியைத் திறக்கேக்க தண்ணி தெளிவாக் கிடந்தா, கிடக்கட்டும்,” என்றார் இவர். “பச்சையாக் கிடந்தா அந்தாளுக்குப் போன் பண்ணுவன். பிறகு நீர் ஒண்டும் கதைக்கப்படாது.”

“ஓம்,” என்றேன்.

ஆகவே எல்லாம் ஒக்டோபரில் இருந்தது. குளம் மே மாதத்தில் தெளிவாக இருக்குமா என்பதை அதை மூடும் விதம்தான் தீர்மானிக்கிறது. வெயில் நாடு ஒன்றில் அரைக்காற்சட்டையோடு நிற்கும் ஒரு மனிதர் போனில் இதையெல்லாம் விளக்கும் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அடியில் ஒரு இலைகூட இருக்கக் கூடாது. சுவரைத் தேய்க்க வேண்டும். தண்ணீரில் புளிப்புத்தன்மை கூடினால் சோடாத் தூள் போட்டுச் சரிக்கட்ட வேண்டும். பிறகு தண்ணீரை இறக்கி, குழாய்களில் மிஞ்சியதை வெளியேற்றி, மோட்டரைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பனி உறைந்து குழாயை வெடிக்க வைக்கும். கடைசியாக மூடி.

எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். சோடாத் தூளில் மட்டும் என் சமையல் கை விளையாடியது. அளந்து போட்ட பிறகு, போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில், கறிக்கு உப்புப் போடுவது போல இன்னும் இரண்டு கை அள்ளி படிக்கட்டுப் பக்கம் போட்டேன். பிறகு தண்ணீரை இறக்கினேன், மோட்டரைக் கழற்றினேன். அடுத்த நாள் காலையில் மூடியைப் புல்லில் விரித்து வைத்தேன். அந்த அடுத்த நாள் விஜயதசமியாக இருந்தது.

டூட்டிங்கிலிருந்து மச்சாள் வந்திருந்தா. இவருடைய தமக்கை. நவராத்திரிக்கு எங்கள் வீட்டில் கும்பம் வைத்தால், கடைசி நாள் அவ வராமல் நிறைவேறாது. மாவிலை, வெற்றிலை, பூ என்று ஒரு தோட்டத்தையே பையில் போட்டு, ரயில் மாறி வருவா. கோயில் காரியங்களில் பிழை விடாத மனுசி. எனக்கு அவவில் மரியாதையும் உண்டு, பயமும் உண்டு.

லண்டனில் கும்பம் வைப்பது சுலபம். கலைப்பதுதான் தலையிடி. கும்பத்துத் தண்ணீர், முளைவிட்ட நவதானியம், மஞ்சளில் பிடித்த பிள்ளையார், வாடிய பூ, இதெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. கால் படாத இடத்தில் சேர வேண்டும். பிள்ளையாரைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். முந்திய வருடங்களில் நான் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, லீ ஆற்றங்கரையில் களவெடுக்கப் போனவள் போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு விடுவேன். ஒருமுறை நாயோடு வந்த ஒரு கிழவர் நின்று பார்த்தார். நான் தேங்காயைக் காட்டிச் சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் போகவில்லை.

மச்சாள் காலையில் குளத்தைப் பார்த்தா. “இனி எப்ப இதில இறங்குவியள்?” என்று கேட்டா.

“மே மாதம் வரைக்கும் ஒருத்தரும் கால் வைக்க மாட்டம் மச்சாள்,” என்றேன் பெருமையாக. குளத்தை நான் எவ்வளவு திறமாக மூடுகிறேன் என்று சொல்ல நினைத்த பெருமை அது.

பூசை முடிந்தது. வீடெல்லாம் கும்பத் தண்ணீர் தெளித்தோம். நான் சமையலறையில் வடையைத் திருப்பிக்கொண்டு நின்றேன். மச்சாள் பின்கதவால் உள்ளே வந்து வெறும் செம்பைக் கழுவினா. “பிள்ளை, எல்லாம் வடிவா விட்டிட்டன். இந்த வருசம் ஆத்துக்கு அலையத் தேவையில்லை,” என்றா.

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியபோது அடுப்பை நிற்பாட்டாமலே ஓடினேன்.

படிக்கட்டுப் பக்கத் தண்ணீர் சிவந்து கிடந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்பது ஆலாத்தி எடுத்த எந்த வீட்டுக்கும் தெரியும். நான் அள்ளிப் போட்ட சோடாத் தூளும் சுண்ணாம்பின் வேலையைத்தான் செய்திருந்தது. தண்ணீருக்குள் இருந்த படியில் மஞ்சள் பிள்ளையார் கரைந்துகொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஆலாத்தி நிறம் மெல்லப் பரவியது. தேங்காய் ஆழமான பக்கத்துக்குப் போய்விட்டது. பூக்கள் எல்லா இடமும் மிதந்தன. நவதானிய முளை மண்ணோடு உள்ளே போய், உடைந்து, அடியில் கறுப்பாகக் கலங்கியது. நெல்லும் பயறும் ஆழத்தை நோக்கி உருண்டுகொண்டிருந்தன.

எனக்குப் பின்னால் வந்த மச்சாள் சிவப்பைக் கண்டு கையைக் கூப்பினா. “அம்மாள் வந்து காட்டுறா,” என்றா.

“அது அம்மாள் இல்லை மச்சாள், என்ர சோடாத் தூள்,” என்றேன்.

அவவை ஏச முடியவில்லை. கணவனின் தமக்கை, நாளோ விஜயதசமி. எல்லாவற்றையும் விட அவவின் கணக்கில் பிழையே இல்லை. கால் படாத தண்ணீர் என்று நானே என் வாயால் சொன்னேன். ஆனால் உள்ளே எனக்குப் பற்றி எரிந்தது. அந்த மண்ணும் தானியமும் மூடிக்குக் கீழே ஏழெட்டு மாதம் உக்கினால் மே மாதத்தில் மறுபடியும் கீரைக்கறிதான். இயந்திரம் வரும். என் முழங்காலும் நானும் மாடிப்படியில் திரும்பவும் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும்.

வலையால் பூவையும் தேங்காயையும் எடுத்தேன். மண் வலைக்குள் நிற்கவில்லை. கரையில் நின்று தடியால் தள்ளினால் கலங்கி இன்னும் பரவியது. மோட்டரைத் திரும்பப் பூட்டி ஓட விடலாமென்றால் தண்ணீர் குழாய்க்குக் கீழே நின்றது. ஒரே வழிதான் இருந்தது. யாராவது ஆழமான பக்கத்தில் இறங்கி, நீளப் பிடித் துடைப்பமான தும்புக்கட்டையால் மெல்ல மெல்ல மேடான பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அங்கே வைத்து அள்ளி எடுக்கலாம். நான் சேலையை மாற்றிக்கொண்டு வந்தேன். குளக்கரையில் இவர் நின்றார்.

“நீர் இறங்கேலாது,” என்றார்.

“வேற ஆர் இறங்கிறது? நீங்களோ?”

“இந்தக் குளிருக்கு முழங்கால் பிடிச்சா நடுவில நிண்டிடுவீர்.”

“நிண்டா நிக்கிறன். உங்களுக்கென்ன? இது பச்சையாப் போனாச் சந்தோசம்தானே. கோடை முழுக்கக் கதிரையைப் போட்டுக் காத்துக்கொண்டிருந்தனீங்கள்.”

மச்சாளுக்கு முன்னால் நான் இவரிடம் அப்படிக் கதைத்ததில்லை. இவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நான் ஏன் அதில இருந்தனான் எண்டு நினைக்கிறீர்? எனக்கு நீந்தத் தெரியாது. தண்ணிக்குள்ள உமக்கு ஏதும் எண்டா நான் என்ன செய்யிறது? குதிச்சா ரெண்டு பேரும் போவம். குதிக்காட்டி பாத்துக்கொண்டு நிக்க வேணும். நீர் மிதந்த அண்டைக்கு எனக்கு நெஞ்சு நிண்டு போச்சு. அசையாமக் கிடந்தீர். கூப்பிட்டனான், உமக்குக் கேக்கேல்லை. எனக்கு வெண்டியும் வேண்டாம் கத்தரியும் வேண்டாம்.”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிற மனிதர். எனக்கு வாழ்க்கையிலேயே பாரம் குறைந்த அந்தப் பின்னேரத்தில், ஐந்தாறு அடி தள்ளி இவர் அப்படி நின்றிருக்கிறார். பயம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அன்றே கரையேறியிருப்பேன். தன் பயத்துக்காக நான் கரையேறக் கூடாது என்றுதான் அதை வெண்டி, கத்தரி என்று சொல்லியிருக்கிறார் என்பதும் எனக்கு அங்கேயே விளங்கியது. மச்சாள் வெறும் செம்போடு வேலிப் பக்கம் திரும்பி நின்றா.

“நான் இறங்கிறன்,” என்றார் இவர். “நீர் கரையில நிண்டு சொல்லும்.”

“தம்பி, காதுக்குப் பஞ்சை வைச்சிட்டு இறங்கு,” என்றா மச்சாள் வேலியைப் பார்த்தபடியே.

பழைய காற்சட்டை, பெனியன், தலையில் கம்பளித் தொப்பி. அந்தக் கோலத்தில் தும்புக்கட்டையைப் பிடித்துக்கொண்டு என் கணவர் முதல் தடவையாகத் தன் சொந்தக் குளத்தில் கால் வைத்தார். முதற்படியிலேயே முகம் சுருங்கியது. நான் விளிம்போடு கூடவே நடந்தேன். மூச்சைப் பிடிக்காதேங்கோ, விடுங்கோ, என்றேன். முழங்காலை மடியுங்கோ, என்றேன். இடுப்பு நனையும் வரைக்கும்தான் குளிரும், பிறகு ஒன்றும் இல்லை, என்றேன். அது பொய். ஆனால் இவர் நம்பினார். தண்ணீரை இறக்கியிருந்ததால் ஆழமான பக்கத்திலும் நெஞ்சளவுதான் வந்தது. அங்கிருந்து கூட்டத் தொடங்கினார். அவசரமில்லாமல், ஒவ்வொரு இழுப்பாக, வீட்டில் ஒருநாளும் கூட்டாத நேர்த்தியோடு கூட்டினார்.

மச்சாள் உள்ளே போய் எரிந்துகொண்டிருந்த அடுப்பை நிற்பாட்டிவிட்டு மா அரிக்கிற அரிதட்டை எடுத்துக்கொண்டு வந்தா. இவர் மேட்டுக்குக் கொண்டுவந்த சேற்றை நாங்கள் இருவரும் படியில் குந்தியிருந்து வாளியால் அள்ளி அரித்தோம். நெல், பயறு, எள், பூவிதழ் எல்லாம் தட்டில் தங்கின. மச்சாள் கைகளை உதறி உதறி அள்ளினா. “நான் ஆத்துக்கே போயிருக்கலாம்,” என்று ஒருமுறை முணுமுணுத்தா. “இனிப் போவம் மச்சாள்,” என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்தது.

கடைசி இழுப்புக்கு இவர் மறுபடியும் ஆழத்துக்குப் போனார். அங்கே தேய்ப்பில் தப்பிய வழுக்கல் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். கால் சறுக்கியது. தும்புக்கட்டை ஒரு பக்கம் போனது. இவருடைய தலை உள்ளே போய்விட்டது. தொப்பி மட்டும் மேலே நின்றது.

எனக்கு மிதக்கத்தான் தெரியும். ஒருவரைத் தூக்கத் தெரியாது. விளிம்பில் நின்றபடி, குதிப்பதா, தடியை நீட்டுவதா, கத்துவதா என்று ஒன்றும் செய்யாமல் நின்றேன். இவர் கோடை முழுவதும் இருந்த இடம் இதுதான் என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இவர் எழும்பினார். இருமினார். கண்ணைத் துடைத்தார். தான் நிற்பதைக் கண்டு தானே ஆச்சரியப்பட்டவர் போல இரண்டு காலையும் ஒருதரம் ஊன்றிப் பார்த்தார்.

“நிலம் இருக்கு,” என்றார்.

மச்சாள் படியிலேயே இருந்து அழுதா. நான் இவரைக் கையைப் பிடித்து ஏற்றி, மூன்று துவாய்களால் சுற்றினேன். அடுப்பில் விட்டுவந்த வடைகள் கரியாகியிருந்தன. பிறகு மூன்று பேருமாக மூடியை இழுத்துக் கட்டினோம். இவர் பல் கிடுகிடுக்க மல்லித் தேநீர் குடித்தார். குளத்தைப் பற்றி அன்று வேறு ஒன்றும் கதைக்கவில்லை. மூடிக்குள்ளே இன்னும் கொஞ்சம் மஞ்சளும் கொஞ்சம் மண்ணும் இருக்கும்தான். மே மாதத்தில் என்ன நிறம் என்று என்னால் சொல்ல முடியாது. இரவு படுக்கும்போது நான்தான் தோற்றுப்போகத் தயாராக இருந்தேன். அவ்வளவு பயந்த மனிதரைத் திரும்பவும் அந்தக் கதிரையில் இருத்த எனக்கு மனமில்லை. நிரவினால் நிரவட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ஒருநாள் பின்னேரம் இவர் ஒரு பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆர்ச்வே கோயிலுக்கோ என்று கேட்டேன். இல்லை, சும்மா, என்றார். நேரம் மாற்றி வைத்த பிறகு வந்த நாட்கள் அவை, ஐந்து மணிக்கே இருட்டிவிடும். நான் கறி வைத்து இறக்கியும் ஆளைக் காணவில்லை. மழை இல்லை. ஆனால் கதவைத் திறந்தபோது இவருடைய தலை நனைந்திருந்தது. கிட்ட வந்ததும் குளோரின் மணந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

“கவுன்சில் குளத்தில பெரியாக்களுக்கும் நீந்தப் பழக்குகினம்,” என்றார் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. “என்னை விட வயசான ஒரு மனுசியும் வருது. தலையைத் தாழ்க்கத்தான் எனக்கு இன்னும் ஏலாமக் கிடக்கு.”

நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். பிறகு ஒரு துவாயை எடுத்து நீட்டினேன்.

“அந்த இயந்திரக்காரனுக்கும் சொல்லிப்போட்டன், வர வேண்டாம் எண்டு,” என்றார். “தண்ணி பச்சையாக் கிடந்தா ரெண்டு பேருமாக் கழுவுவம். மே வரைக்கும் காலம் கிடக்குத்தானே. அதுக்குள்ள பழகீடுவன். இனி உமக்குத் தண்ணிக்குள்ள ஏதும் எண்டா நான் இறங்கி வருவன்.”